ரயில் போன வழியில ஒரு நடை: இந்த வாரக் கேள்வி பதில்

ரெண்டு இதழுக்கு முன்னாடி ஒரு வாசகர், காலாற நடக்க நல்ல எடம் எதுன்னு கேட்டிருந்தார். நானும் யோசிக்காம, 'வண்டி நின்னுபோன பழைய ரயில் பாதை மாதிரி சுகமான நடை ஒலகத்துல கிடையாது'ன்னு ரெண்டே வரி எழுதிட்டேன். சும்மா இருந்திருக்கலாம். வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டைன்னு பழைய வட ஆற்காடு மொத்தமும் பேனாவை எடுத்துடுச்சு, பாதி பேரு அது எங்க இருக்குன்னு கேட்டு, மீதிப் பேரு திட்டி. அதனால இந்த வாரம் வேற கேள்வி எதுவும் இல்ல, ரயில் மட்டும்தான்.

எனக்கு 62 வயசு, ரெண்டு முட்டியிலயும் வலி. பொண்ணு இங்கிலாந்துல ஷெஃபீல்டுல நர்ஸா இருக்கா. ஜூன் மாசம் போறோம். மாப்பிள்ளை 'மான்சல் டிரெயில்'னு ஒரு பழைய ரயில் பாதைக்குக் கூட்டிட்டுப் போறேன், 14 கிலோமீட்டர் நடக்கணும்னு சொல்றார். மலைப் பிரதேசம்னு வேற சொல்றாங்க. நான் வரலன்னுட்டேன், அதுக்குக் கோவிச்சுகிட்டாங்க. போகலாமா அண்ணா? (காட்பாடியில இருந்து ஒரு வாசகி)

தாராளமா போங்கம்மா, போயிட்டு வந்து எனக்கு ஒரு லெட்டரும் போடுங்க. நானே அங்க நடந்திருக்கேன், என் பொண்ணும் அந்தப் பக்கம்தான், டெர்பியில இருக்கா. நம்ம வேலூர்ல நர்சிங் படிச்ச பிள்ளைங்க இல்லாத ஆஸ்பத்திரி அந்த ஊர்ல இருக்கான்னே எனக்குச் சந்தேகம்.

மலைப் பிரதேசம்னு பயப்படாதீங்க, சுத்தி இருக்கறதுதான் மலை, நீங்க நடக்கப்போற பாதை மலை இல்ல. ரயிலுக்கு ஏத்தம் ஆகாது, சக்கரமும் இரும்பு தண்டவாளமும் இரும்பு, கொஞ்சம் செங்குத்தா போனா வழுக்கிடும், அதனால லைன் போட்டவன் மேட்டை வெட்டி பள்ளத்தை மூடி நடுவுல மலை வந்தா கொடைஞ்சு ஆறு வந்தா பாலம் கட்டி எப்படியாவது தரையை மட்டமாக்கிடுவான். சாதாரணமா நூறு அடி போனா ஒரு அடி ஏறுற மாதிரி இருக்கும், அது ஏத்தம்னு உங்க முட்டிக்கே தெரியாது. ஊட்டி ரயில்ல பன்னெண்டரை அடிக்கு ஒரு அடி ஏறுது, அதுக்கே பல் சக்கரம் வச்சுல்ல இழுக்கறாங்க. வள்ளிமலைப் படி ஏறி இறங்கினவங்களுக்கு மான்சல் எல்லாம் வீட்டு வாசல்ல உலாத்தற மாதிரிதான்.

அது மான்செஸ்டர்ல இருந்து லண்டன் போன லைன், 1863ல அந்தப் பள்ளத்தாக்கு வழியா போட்டது, 1968ல மூடிட்டாங்க. 1963ல அங்க ஒரு ரிப்போர்ட் வந்துச்சு, நஷ்டத்துல ஓடற லைனை எல்லாம் மூடுங்கன்னு, சுமார் 5000 மைல் லைன், 2363 ஸ்டேஷன். நம்ம ஊர்ல ஒரு பாசஞ்சரை நிறுத்தினாலே மறியல் நடக்கும், அங்க வரிசையா இழுத்து மூடிட்டாங்க. அப்புறம் அந்தத் தண்டவாளத்தைப் பேத்து எடுத்து, ஜல்லியை வாரிட்டு, பொடிக்கல் போட்டு இறுக்கி, நடக்கறவங்களுக்கும் சைக்கிள்காரங்களுக்கும் குதிரைக்கும் விட்டுட்டாங்க. மான்சல்ல சுரங்கம் எல்லாம் ரொம்ப வருஷம் பூட்டியே கெடந்து 2011லதான் தொறந்தாங்க, ஒவ்வொண்ணும் சுமார் 400 மீட்டர், அந்த மாதிரி நாலு.

சுரங்கத்தைப் பத்தி ஒரு விஷயம் சொல்லணும், ஏன்னா நான் ஏமாந்தேன். ஜூன் மாசம்தானே, வெயில்தானேன்னு அரைக்கை சட்டையோட போயிட்டேன். சுரங்க வாய்கிட்ட போகும்போதே உள்ள இருந்து ஒரு காத்து, ஃப்ரிட்ஜைத் தொறந்த மாதிரி. உள்ள போனா செவுரெல்லாம் ஈரம், மேல இருந்து சொட்டு சொட்டா கழுத்துல விழுது, செங்கல் பூரா பழைய கரிப்புகை, வெரலால தேச்சா இன்னமும் கறுப்பா ஒட்டுது. வண்டி நின்னு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, கரி மட்டும் போகல. நடுங்கிக்கிட்டே அந்தப் பக்கம் வெளிய வந்தா காலுக்குக் கீழ பெரிய பாலம், அதுக்குக் கீழ ஆறு, ரெண்டு பக்கமும் பச்சை. இந்தப் பாலம் கட்டினப்ப அந்த ஊர்ப் பெரிய எழுத்தாளர் ஒருத்தர், பக்கத்து ஊருக்கு அரை மணி நேரத்துல போறதுக்காக இப்படி ஒரு பள்ளத்தாக்கைக் கெடுத்துட்டானுங்களேன்னு கிழிச்சு எழுதினார். இன்னைக்கு அதே பாலத்தை ஃபோட்டோ எடுக்கத்தான் ஜனம் வருது.

உங்களுக்கு நான் சொல்றது, 14 கிலோமீட்டரும் நடக்காதீங்க. ஹாசாப்னு ஒரு பழைய ஸ்டேஷன் இருக்கு, இப்ப அது காஃபி கடை, வாடகை சைக்கிள், பாத்ரூம் எல்லாம் அங்க உண்டு. அங்க ஆரம்பிச்சு சுமார் நாலு கிலோமீட்டர் போனா சுரங்கமும் பாலமும் வந்துடும், பாத்துட்டு அதே வழியில திரும்பிடுங்க. மாப்பிள்ளை 'மான்சல் ஹெட்'னு மேல ஒரு வியூ பாயிண்ட்ல காரை நிறுத்தலாம்னு சொல்லுவார், ஒத்துக்காதீங்க, அங்க இருந்து பாதைக்கு இறங்கறதுதான் செங்குத்து, முட்டி அங்கதான் போகும். ஸ்வெட்டர் ஒண்ணு, மழைக்கோட்டு ஒண்ணு. கட்டிட்டுப் போன எலுமிச்சம் சாதத்தை பெஞ்சுல உக்காந்து நாங்க சாப்பிட்டோம், யாரும் ஒண்ணும் சொல்லல, ஒரு நாய் மட்டும் ரொம்ப நேரம் பாத்துட்டு நின்னுச்சு. சாயந்திரம் இருட்டினதும் சுரங்கத்து லைட்டை அணைச்சிடுவாங்க, அதுக்கு முன்னாடி வெளிய வந்துடுங்க. பக்கத்து ஊர் பேக்வெல்ல புட்டிங்னு ஒண்ணு விப்பாங்க, பெரிய பேரு. எனக்கு ஆற்காடு மக்கன் பேடாதான்.

ரயிலே இல்லாத ரயில் பாதையில நடக்கறதுல இன்னா கீதுன்னு இவ்ளோ பேசறீங்க? (சத்துவாச்சாரி வாசகர்)

யோவ், ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, சாமி இல்லாத கோயிலுன்னு பேரு வாங்கின ஊர்ல பொறந்துட்டு இந்தக் கேள்வி கேக்கலாமா? சாமியாவது 1981ல கோயிலுக்குள்ள வந்துட்டார். நமக்கு இல்லாதது பழக்கம்தான், வந்து நடங்க.

எங்க கொள்ளுத்தாத்தா திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு சின்ன ரயில்ல போனார்னு எங்க தாத்தா அடிச்சு சொல்றார். கிருஷ்ணகிரிக்கு இன்னைக்கே ரயில் இல்ல, அன்னைக்கு எப்படி? வீட்ல எல்லாரும் தாத்தாவைக் கிண்டல் பண்றோம். (திருப்பத்தூர் வாசகர்)

முதல்ல தாத்தா கால்ல விழுங்க. அவர் சொல்றது அத்தனையும் நெசம்.

1905ல திருப்பத்தூர்ல இருந்து கிருஷ்ணகிரிக்கு ஒரு குட்டி ரயில் ஓட ஆரம்பிச்சுது, சுமார் 25 மைல். தண்டவாளத்துக்கு நடுவுல இடைவெளி ரெண்டரை அடிதான். இப்ப நம்ம பிராட் கேஜ் அஞ்சரை அடி, பாதியைவிடக் குறைச்சல், வண்டி எப்படி இருந்திருக்கும்னு நீங்களே பாத்துக்கோங்க, ஒரு மாட்டு வண்டியை விட கொஞ்சம் அகலம். அடுத்த வருஷமே மொரப்பூர்ல இருந்து தர்மபுரிக்கு இதே மாதிரி இன்னொண்ணு போட்டாங்க, அதை 1913ல ஓசூர் வரைக்கும் நீட்டினாங்க. அப்ப திருப்பத்தூர் சேலம் ஜில்லாவுல இருந்துச்சு, 1911லதான் வட ஆற்காட்டுக்கு வந்துச்சு, அதனால பழைய சேலம் கதைகள்ல தேடினாதான் இந்த ரயில் கெடைக்கும்.

ஏன் போட்டாங்கன்னு கேட்டா, பஞ்சம். 1876ல இருந்து 78 வரைக்கும் இந்தப் பக்கம் பூரா செத்துச்சு, தாது வருஷப் பஞ்சம்னு நம்ம பாட்டிமாருங்க சொல்வாங்களே அதுதான். தானியம் ஒரு எடத்துல இருந்துச்சு, பசி இன்னொரு எடத்துல இருந்துச்சு, நடுவுல கொண்டுபோக வழி இல்ல, மாட்டு வண்டியில போட்டா மாடே பாதித் தீனியைத் தின்னுடும், அந்த மாடும் செத்துட்டு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் பஞ்சப் பிரதேசத்துக்கு ரயில் போடணும்னு கமிஷன் எல்லாம் வச்சு முடிவு பண்ணாங்க, இந்தக் குட்டி லைனும் அந்தக் கணக்குல வந்தது. லாபத்துக்குப் போட்ட லைன் இல்லைங்கறதால லாபமும் வரல, பஸ் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் போயிடுச்சு, சுதந்திரத்துக்கு முன்னாடியே மூடி தண்டவாளத்தையும் கழட்டிட்டாங்க. கிருஷ்ணகிரி தனி மாவட்டமே ஆயிடுச்சு, ரயில் மட்டும் திரும்பி வரல, இன்னைக்கும் அந்த ஊர்க்காரங்க கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க.

தேடிப் பாக்கணும்னு ஆசை இருந்தா தாத்தாவையும் கூட்டிக்கோங்க. முதல்ல அந்தக் காலத்து சர்வே மேப், டோப்போ ஷீட்னு சொல்வாங்களே, அது கெடைக்குதான்னு பாருங்க, அதுல லைன் கோடா ஓடும். அந்தக் கோட்டை ஃபோன்ல இருக்கற சாட்டிலைட் படத்தோட வச்சுப் பாக்கணும். வயல் வரப்பெல்லாம் கோணல் மாணலா போகும், நடுவுல ஒரே ஒரு கோடு மட்டும் நேரா போயி, திரும்பினாலும் வெடுக்குன்னு ஒடியாம பெரிய வட்டத்துல மெதுவா வளைஞ்சு போச்சுன்னா, அது மாட்டு வண்டித் தடம் இல்ல, ரயில். மாடு நெனச்ச எடத்துல திரும்பும், ரயிலு திரும்பாது. அப்புறம் சம்பந்தமே இல்லாத எடத்துல, ஓடையும் பெருசா இல்லாத எடத்துல, ஒழுங்கா கொத்தின கருங்கல்லுல ஒரு மதகு நிக்கும். அஞ்சு ஏக்கர் கடலைக் கொல்லைக்கு இவ்ளோ செலவு பண்ணி யாரு மதகு கட்டுவா? கிராமக் கணக்குல ரயில்வே புறம்போக்குன்னு ஏதாவது எழுதியிருக்கான்னு வி.ஏ.ஓ.கிட்ட கேளுங்க. மேப்பை விட ஊர்ப் பெரியவங்க மேல், டீக்கடையில உக்காந்து 'இங்க ரயில்மேடு எங்க இருக்கு'ன்னு பொதுவா கேட்டுப் பாருங்க, 'ரயில் ஓடுச்சா'ன்னு கேட்டா இல்லைம்பாங்க, மேடு எங்கன்னு கேட்டா கையை நீட்டுவாங்க. மேடு இப்ப யாரோ ஒருத்தர் நெலமா இருக்கும், கேக்காம கால் வைக்காதீங்க, பயிர் இருந்தா சுத்திப் போங்க. பட்டாவுக்கு அளக்க வந்த ஆளுங்கன்னு நெனச்சு வெரட்டுவாங்க, என்னை வெரட்டியிருக்காங்க.

நாங்க காலேஜ் பசங்க, ஆறு பேர். கண்ணமங்கலத்துல இருந்து ஆரணி ரோடு ஸ்டேஷன் வரைக்கும் தண்டவாளம் மேலயே நடந்து ரீல்ஸ் எடுக்கலாம்னு பிளான். நீங்க எழுதினதைப் படிச்சுதான் ஐடியா வந்துச்சு சார். டிப்ஸ் குடுங்க. (வேலூர்)

ஒரே டிப்ஸ்தான் தம்பி, போகாதீங்க. என்னைப் படிச்சு ஐடியா வந்துச்சுன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அந்த வரியைப் படிச்சதுல இருந்து எனக்கு சாப்பாடு இறங்கல.

நான் எழுதினது வண்டி நின்னுபோன பாதை. காட்பாடி விழுப்புரம் லைன் நின்னுபோன லைன் இல்லப்பா, வண்டி ஓடிட்டு இருக்கற லைன். 1890கள்ல மீட்டர் கேஜா போட்டது, எங்க காலத்துல அதுல திருவண்ணாமலை தீபத்துக்குப் போறதுன்னா ஒரு நாள் வேலை, வண்டி போற வேகத்துக்கு இறங்கி வெள்ளரிக்காய் வாங்கிட்டு ஏறிக்கலாம்னு கிண்டல் பண்ணுவோம். அந்த நெனப்புல யாராவது பெருசு உங்களுக்கு 'நாங்கல்லாம் அதுல நடந்தேதான் ஸ்கூலுக்குப் போனோம்'னு சொல்லியிருக்கும். இப்ப பிராட் கேஜ், கரண்ட் வண்டி. கரி இன்ஜின் மாதிரி மூச்சு வாங்கிட்டு வராது. நூறு கிலோமீட்டர் வேகத்துல வந்தா ஒரு செகண்டுக்கு 28 மீட்டர், அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற வண்டி 18 செகண்டுல உங்க முதுகுல இருக்கும். காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா சத்தமே வராது, காதுல இயர்ஃபோன் வேற. ஆறு பேர்ல அஞ்சு பேர் கேமராவைப் பாத்துட்டு நிப்பீங்க, ஒருத்தன் ஃபோனைப் பாத்துட்டு நிப்பான், லைனை யாரு பாக்கறது?

சட்டமும் இருக்கு, 1989 ரயில்வே சட்டம் 147வது பிரிவு, அத்துமீறி லைன்ல நுழைஞ்சா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ஆயிரம் ரூபா வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். கர்நாடகாவுல சக்லேஷ்பூர்கிட்ட இப்படித்தான் ஆச்சு. மீட்டர் கேஜை மாத்தறதுக்காக 1996ல அந்த லைனை மூடினாங்க, பத்து வருஷம் வண்டி இல்ல, சுரங்கம் பாலம்னு ஜனம் ஜாலியா நடந்து பழகிடுச்சு, அப்புறம் வண்டி திரும்ப ஓட ஆரம்பிச்சும் பழக்கம் நிக்கல, இப்ப தடை.

இதெல்லாம் விடுங்க, நடக்கவாவது நல்லா இருக்குமான்னு பாத்தா அதுவும் கிடையாது. ஸ்லீப்பர் கட்டைக்கும் கட்டைக்கும் நடுவுல ரெண்டு அடி சொச்சம். கட்டைக்கு ஒரு அடி வச்சா குட்டை குட்டையா கல்யாணப் பொண்ணு நடை, ரெண்டு கட்டைக்கு ஒரு அடி வச்சா தவளைத் தாவல், நம்ம காலுக்குன்னு ஒரு அளவு இருக்கே அது ரெண்டுலயும் சேராது. நடுவுல ஜல்லி, கணுக்கால் மடங்கும். ஒரு கிலோமீட்டர்ல தொடை கேள்வி கேக்கும். காட்பாடியில டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உக்காந்து திருவண்ணாமலை வரைக்கும் போயிட்டு வாங்க, கண்ணமங்கலம் தாண்டி ரெண்டு பக்கமும் மலை வர்றதை எடுத்துப் போடுங்க, நானும் லைக் போடறேன்.

தென்னிந்தியாவோட முதல் ரயிலே எங்க வாலாஜா ரோட்டுக்குத்தான் வந்துச்சுன்னு பெருமையா சொல்லிக்கறோம். அமெரிக்கா, நியூசிலாந்துல எல்லாம் பழைய லைனை நடைபாதையா மாத்தறாங்களாம், இவ்ளோ பழைய எங்க ஊர்ல ஏன் ஒண்ணுகூட இல்ல? ராணிப்பேட்டை லைன் சும்மாதானே கெடக்கு? (ராணிப்பேட்டை வாசகி)

பெருமை நியாயமானதுதான். 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்துல கெளம்பின வண்டி வாலாஜா ரோடு வரைக்கும் வந்துச்சு, அப்ப அந்த ஸ்டேஷனுக்கு ஆற்காடுன்னுதான் பேரு. ஆனா நம்ம கஷ்டமும் அங்கயேதான் இருக்கு. அந்த 1856 லைன் சாகவே இல்லையே. இன்னைக்கும் சென்னையில இருந்து பெங்களூரு, கோயம்புத்தூர், கேரளா போற வண்டிங்க பெரும்பாலும் அதே வழியிலதான் பறக்குது. உசுரோட இருக்கறவருக்கு யாராவது மணிமண்டபம் கட்டுவாங்களா?

அங்க கதை வேற. வீட்டுக்கு ஒரு கார், அப்புறம் ரெண்டு கார்னு ஆனதும் ஊர் ஊரா லைன் செத்துப்போச்சு. அமெரிக்காவுல விஸ்கான்சின்ல எல்ராய்னு ஒரு ஊர்ல இருந்து ஸ்பார்ட்டா வரைக்கும் 32 மைல், மூணு சுரங்கம், 1960கள்லயே அதை நடைபாதை ஆக்கிட்டாங்க, அதுதான் இந்த வழக்கத்துக்குப் பிள்ளையார் சுழி மாதிரி. நியூசிலாந்துல ஒடாகோன்னு ஒரு பக்கம், 1990ல மூடின லைனை 2000த்துல 152 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதையா தொறந்தாங்க, ஆளில்லாம மூடிக்கெடந்த சின்ன ஊர்கள்ல மறுபடி லாட்ஜும் கடையும் வந்துடுச்சு. நியூயார்க்ல தூண் மேல போற சரக்கு லைன் ஒண்ணையே 2009ல பூங்காவா ஆக்கிட்டாங்க.

நம்ம ஊர்ல லைன் சாகாது, தூங்கும். மதுரை போடி லைனை 2010ல மூடினாங்க, 2023ல அகலப்பாதையா முழுசா திரும்பி வந்துடுச்சு. உங்க ராணிப்பேட்டைக் கிளையும் அந்த மாதிரிதான்னு நான் நெனக்கறேன். ஜனங்களை ஏத்திட்டுப் போன வண்டி நின்னு ரொம்ப காலமாச்சு, ஆனா திண்டிவனம் நகரி புது லைன் உங்க ஊர் வழியாத்தான் வரணும்னு திட்டம், அதனால சும்மா கெடக்குன்னு நெனச்சு நடக்கவும் வேண்டாம், வேலியைத் தள்ளிப் போடவும் வேண்டாம். வேலியைப் பத்தி உங்களைச் சொல்லலம்மா, பொதுவா சொன்னேன்.

அமெரிக்காக்காரன்கிட்ட ஒரு நல்ல யோசனை இருக்கு. 1983ல ஒரு சட்டத் திருத்தம் பண்ணான், ஓடாத லைனை வித்துத் தின்னாம நடைபாதையா வச்சுக்கலாம், நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம். பேங்க்ல போட்டு வைக்கற மாதிரி, அதனால ரயில் பேங்க்கிங்னே பேரு. நம்ம ஆளுங்க இதைக் காப்பி அடிச்சா தேவலை. நடுவுல பத்து பதினைஞ்சு வருஷம் தூங்கற லைனுக்கு மேல ஜனம் நடந்துட்டு இருந்தா, எடமும் ரயில்வேகிட்டயே இருக்கும், கருவேல முள்ளும் மொளைக்காது, குப்பையும் கொட்ட மாட்டான்.

நடக்கப் போறப்ப என்னெல்லாம் எடுத்துட்டுப் போகணும்? லேடீஸ் தனியா போகலாமா? (குடியாத்தம்)

தண்ணி. அப்புறம் தண்ணி. நம்ம ஊர் வெயிலுக்கு மார்ச்சுல இருந்து ஜூன் வரைக்கும் எந்த மேட்டுலயும் நடக்காதீங்க, ரயில்மேட்டுல மரம் இருக்காது, லைனுக்குப் பக்கத்துல மரத்தை விட மாட்டாங்க, மேடு வேற உசரமா இருக்கறதால ரெண்டு பக்கமும் வெயில் வாரி அடிக்கும். டிசம்பர், ஜனவரியில விடிகாலை சரி. புது ஷூவைப் போட்டு முதல் நாளே பத்து கிலோமீட்டர் போகாதீங்க. கைல ஒரு குச்சி, பாம்புக்கும் நாய்க்கும். தனியா போறதைப் பத்தி, வெளிநாட்டுப் பாதையில நான் பாத்தவரைக்கும் தனியா நடந்தவங்கள்ல பொம்பளைங்கதான் அதிகம். இங்க கேட்டா, மூணு நாலு பேரா போங்க, பேசிக்கிட்டே போனா தூரமும் தெரியாது.

தம்பி, ரயில் பாதையில நடக்கறது சுகம்னு எழுதியிருக்க. நான் கீமேனா 31 வருஷம் நடந்து ரிட்டயர் ஆனவன். நீ எழுதினதைப் படிச்சு எங்க வீட்டுக்காரி சிரிச்சா. ஒரு நாள் என்கூட நடந்திருந்தா அந்த வரியை எழுதியிருப்பியா? (ஜோலார்பேட்டை)

எழுதியிருக்க மாட்டேன் ஐயா. தப்புதான்.

இந்த ஐயா நாலு பக்கம் எழுதியிருக்கார், கேள்வி கடைசிப் பக்கத்துலதான் இருக்கு. மத்ததை நான் சுருக்கிச் சொல்றேன், படிக்கறவங்களுக்குத் தெரியணும். கீமேன்னா லைனைத் தெனமும் நடந்து பாக்கற ஆள். காலையில கெளம்பினா அஞ்சாறு கிலோமீட்டர் ஒரு தண்டவாளத்தைப் பாத்துட்டே போகணும், திரும்பும்போது அடுத்த தண்டவாளத்தைப் பாத்துட்டே வரணும். தோள்ல சுத்தியல், ஸ்பேனர், சிவப்புக் கொடி, பச்சைக் கொடி, டெட்டனேட்டர். தண்டவாளத்தைக் கட்டையோட பிடிச்சு வைக்கற ஆப்புக்குப் பேரு கீ, அதுதான் அந்த வேலைக்கே பேரு, இப்ப கிளிப்பு வந்துடுச்சு, பேரு மாறல. லூசா இருக்கறது கண்ணுக்குத் தெரியாதாம், சுத்தியலால தட்டினா 'டங்'னு வந்தா சரி, 'டப்'னு வந்தா லூசு. கண்ணை மூடிட்டு சொல்லுவேன்னு எழுதியிருக்கார்.

எங்கயாவது தண்டவாளம் விரிசல் விட்டிருந்தா அப்பதான் ஓட்டம். லைனுக்கு நடுவுல சிவப்புக் கொடியை நட்டுட்டு, வண்டி வர்ற பக்கமா ஓடணும், 600 மீட்டர்ல தண்டவாளம் மேல ஒரு டெட்டனேட்டர் வைக்கணும், மறுபடி ஓடி 1200 மீட்டர்ல மூணு, பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில. வண்டிச் சக்கரம் ஏறினதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடுவார். ஜல்லி மேல ஒரு கிலோமீட்டர் இரநூறு மீட்டர், எதிர்ல வர்ற வண்டியை நோக்கி. மழைக்காலத்துல ஒரு விடிகாலை அப்படி ஓடியிருக்கார், செருப்பு அறுந்து ஒரு கால் வெறுங்காலோட. வண்டி மூணாவது வெடிக்கு அப்புறம் நின்னுச்சாம். உள்ள இருந்தவங்க ஜன்னலைத் தூக்கி 'ஏன்யா நிறுத்தின'ன்னு கேட்டாங்களாம்.

ரிட்டயர் ஆகி ஒம்பது வருஷம் ஆச்சு, இப்பவும் தெருவுல நடந்தா தலை தன்னால கீழ குனிஞ்சு தரையைப் பாக்குது, எதிர்ல வர்ற சம்பந்தி தெரியல, வீட்டுக்காரி திட்டறான்னு கடைசியில எழுதியிருக்கார். நடையைச் சுகம்னு சொன்ன வாய்க்கு இது போதும்.

ஆனா ஐயா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த மான்சல் சுரங்கத்துக்குள்ள செவுத்துல அங்கங்க ஒரு மாடம் மாதிரி குடைஞ்சு வச்சிருக்காங்க, ஒரு ஆளு ஒடுங்கி நிக்கற அளவு. கூட வந்த பசங்க அதுக்குள்ள புகுந்து கண்ணாமூச்சி ஆடிட்டு இருந்தாங்க, விளக்கு வைக்கற எடம்னு எம்பேரன் சொன்னான். நான் போயி முதுகை ஒட்டி நின்னு பாத்தேன், சில்லுனு ஈரம், தோள் ரெண்டு பக்கமும் இடிச்சுது. எதிர்ல ஒரு சைக்கிள் போச்சு, அது போன காத்துக்கே சட்டை ஒரு தடவை படபடத்துச்சு. அது எதுக்கு வச்ச எடம்னு பேரனுக்கு அப்ப ஒழுங்கா சொல்லத் தெரியல, இப்ப உங்க லெட்டரை அவனுக்கு ஜெராக்ஸ் எடுத்து அனுப்பியிருக்கேன்.